அண்டங்காக்கைக்குச் சோறு வைத்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில், இருட்டையும் சாவையும் பாடுகிற கோதிக் கவிதைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ தம் மனைவி வர்ஜீனியாவைப் பறிகொடுத்த துயரத்தில்தான் ‘தி ரேவன்’ என்ற அண்டங்காக்கைக் கவிதையை எழுதினார் என்று கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். அது பிழை. அந்தக் கவிதை நியூயார்க்கின் ‘ஈவினிங் மிரர்’ நாளிதழில் வெளிவந்தது 1845 ஜனவரி 29 அன்று. வர்ஜீனியா இறந்தது 1847 ஜனவரி 30 அன்று. கவிதை அச்சேறி இரண்டு வருஷமும் ஒரு நாளும் கழிந்த பிறகு. இறந்துபோன லெனோரை நினைத்து ஒருவன் நள்ளிரவில் புலம்பும் அந்தக் கவிதையை போ எழுதியபோது, அவர் மனைவி அதே வீட்டில் இருமிக்கொண்டு இருந்தார்.

இரண்டு வருஷம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணிக் குறிப்பதுதான் முப்பத்தைந்து வருஷமாக என் வேலை. ஒரு மூட்டை குறைந்தால்கூட அது எங்கே குறைந்தது என்று தெரிகிறவரை வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஆனால் இந்தத் தேதியை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அந்தப் பழக்கம் மட்டும் இல்லை.

என் மனைவிக்கு மூன்றரை வருஷம் டயாலிசிஸ் நடந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போவோம். இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் வண்டு முரல்வதுபோல ஒரு துடிப்பு தெரியும். அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸ் அம்மா. அவள் தூங்கியபிறகு நான் தொட்டுப் பார்ப்பேன். ராத்திரி ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை. பிறகு ஒன்றரை மணிக்கு, மூன்று மணிக்கு என்று எழுந்து தொட ஆரம்பித்தேன். அவள் உயிரோடு என் பக்கத்தில் படுத்திருக்கும்போதே நான் அவளுக்காக அழுதிருக்கிறேன். சத்தம் வராமல், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு. அது பாவம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

1848 ஜனவரியில் போ ஒருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. என் மனைவி நோயில் கிடந்த காலத்தில் என் மகள் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆறு வருஷத்துக்கு முன் வர்ஜீனியா பாடிக்கொண்டிருந்தபோது ரத்தக்குழாய் வெடித்தது, பிழைக்கமாட்டாள் என்றார்கள், அவளிடம் விடைபெற்றுக்கொண்டேன், ஓரளவு தேறினாள், மறுபடி நம்பினேன், ஒரு வருஷம் கழிந்ததும் மறுபடி வெடித்தது, மறுபடி தேறினாள், மறுபடி வெடித்தது என்று எழுதிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு தடவையும் அவளுடைய சாவின் வேதனை முழுவதையும் தான் பட்டதாகவும், நம்பிக்கைக்கும் நிராசைக்கும் நடுவிலான அந்த ஓயாத ஊசலாட்டத்தைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றும் சொல்கிறார். வர்ஜீனியாவுக்கு முதல் ரத்தம் வந்தது 1842 ஜனவரியில். அதற்கும் 1847க்கும் நடுவில் இருக்கிற 1845இல் ‘தி ரேவன்’ வருகிறது. அது நினைவுக் கவிதை இல்லை ஐயா. நடக்கப்போவதை ஒத்திகை பார்த்த கவிதை. அந்த இரண்டு வருஷத்தைக் கட்டுரையாளர் அழித்துவிட்டார் என்பதுதான் என் வருத்தம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு அந்த இரண்டு வருஷம்தான் வாழ்க்கை.

அந்தக் கவிதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்கு மூன்று வருஷம் முன்னால், அங்கே பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்றை ஐந்து ரூபாய்க்கு வாங்கினேன். நான் படித்தது மாலைநேரக் கல்லூரியில். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று படித்தேன். ‘தி ரேவன்’ மொத்தம் 18 பத்திகள், 108 வரிகள். படித்த பகுதியைக் கல்யாணத்துக்கு முன்பு என் மனைவிக்குச் சொல்வேன். அவள் காசிமேட்டுப் பெண், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், அம்மாவோடு மீன் கூடை தூக்கியவள். கதை கேட்பதில் ராட்சசி.

டிசம்பர் மாத நள்ளிரவு. ஒருவன் தனியாக உட்கார்ந்து பழைய புத்தகங்களில் தலைசாய்த்திருக்கிறான். கதவு தட்டும் சத்தம். திறந்தால் இருட்டு. லெனோர் என்று இருட்டுக்குள் கூப்பிடுகிறான், அந்தப் பெயரே எதிரொலித்துத் திரும்பி வருகிறது. பிறகு ஜன்னலைத் திறக்கிறான். ஓர் அண்டங்காக்கை உள்ளே வந்து கதவுக்கு மேலே இருக்கிற சிலைமீது உட்காருகிறது. எதைக் கேட்டாலும் அது சொல்வது ஒரே சொல், ‘நெவர்மோர்’. இனி இல்லை. நான் இதையெல்லாம் பயமுறுத்துகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பயப்படவே இல்லை.

“அது அந்தப் பொண்ணுதான்யா. காக்காவா வந்து கீது. அவன் அதுக்குச் சோறு வெச்சானா?” என்று கேட்டாள்.

நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை. பறவை வந்ததிலிருந்து கடைசிப் பத்தி வரை அந்த ஆள் அதைக் கேள்வி கேட்கிறான், திட்டுகிறான், போ என்கிறான். ஒரு பிடி சோறு வைக்கவில்லை.

“பின்ன எப்படிப் போவும்? பசியோட வந்தது எங்க போவும்?” என்றாள்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் கவிதையைப் பற்றி நான் படித்த எந்த விளக்கமும் இந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை. போவுக்கு அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்க் காது அந்தக் கவிதையை வேறு மாதிரி கேட்கிறது. நம் காக்கை வருகையைச் சொல்கிற பறவை. குறுந்தொகை 210ஆம் பாட்டில், “விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே” என்று நச்செள்ளையார் பாடியிருக்கிறார். போனவன் திரும்பி வருவான் என்று காக்கை கரைந்ததாம். பிரிவில் வாடியவளைத் தேற்றியதற்கு அந்தக் காக்கைக்கு எவ்வளவு நெய்ச்சோறு இட்டாலும் போதாதாம். இந்தப் பாட்டாலேயே அவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் வந்தது. வருவான் என்று சொல்கிற பறவையை வைத்துப் பாடிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, வரமாட்டாள் என்று சொல்கிற பறவையைப் படிக்கும்போது நெஞ்சு இரட்டிப்பாக வலிக்கிறது. கட்டுரையாளர் இதை நமக்கு அந்நியமான கவிதை என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கவிதை வெளிவந்த மறுவருஷம், 1846இல், போ அதை எப்படிக் கட்டினேன் என்று ஒரு கட்டுரையும் எழுதினார். கணக்குப் போடுவதுபோல ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தேன் என்கிறார். அழகிய பெண் ஒருத்தியின் மரணம்தான் உலகத்திலேயே கவித்துவமான பொருள் என்று அவர் சொன்னதும் அதில்தான். அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்காது. கூடவே படுத்து, கூடவே சாப்பிட்ட ஒருத்தியின் சாவைப் ‘பொருள்’ என்று சொல்ல எனக்கு நா எழாது. கணக்குப் போட்டு எழுதினேன் என்பதையும் நான் முழுக்க நம்பவில்லை. பக்கத்து அறையில் மனைவி இருமும்போது மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணக்கைத்தான் பிடித்துக்கொள்வான். நானும் அந்த மூன்றரை வருஷம் நோட்டுப் போட்டு எடை, பிரஷர், குடித்த தண்ணீரின் அளவு எல்லாம் எழுதி வைத்தேன்.

ஆனால் போவின் அதே கட்டுரையில் ஓர் இடம் சத்தியமானது. அந்தப் பறவைக்கு ஒரு சொல்தான் தெரியும் என்று காதலனுக்குத் தெரியும். தெரிந்தே, எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தால் மிக அதிகமாக வலிக்குமோ அந்தக் கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறான் என்கிறார். முதலில் பெயர் கேட்கிறான். கடைசியில், சொர்க்கத்திலாவது அவளை அணைப்பேனா என்று கேட்கிறான். இது பைத்தியம் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என் மனைவியின் செல்போன் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. மகளுக்குத் தெரியாமல் நான்கு மாதம் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தேன். தினமும் சாயங்காலம் என் போனிலிருந்து கூப்பிடுவேன். ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொல்லும். வேறு எதுவும் சொல்லாது என்று எனக்குத் தெரியாதா? சொல்லி முடிக்கிறவரை கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். பைத்தியம் பிடித்து அதைச் செய்யவில்லை. அந்த எண்ணை விரல் அழுத்துகிற நேரம் மட்டும், ஒருவேளை என்ற நினைப்பு இருக்கும். பத்து இலக்கம் அழுத்துகிற நேரம்.

இதையெல்லாம் இளைஞர்கள் படிக்கக் கூடாது, சோர்ந்துபோவார்கள், நம் மரபில் காதல் என்றால் வாழ்க்கை, அவர்களுக்குக் காதல் என்றால் கல்லறை என்று முடிக்கிறது உங்கள் நாளிதழில் வந்த அந்தக் கட்டுரை. இது முதல் பிழையைவிடப் பெரிய பிழை.

போவின் கடைசிக் கவிதைகளில் ஒன்று ‘அனபெல் லீ’. அவர் 1849 அக்டோபர் 7 அன்று இறந்தார், அது 9ஆம் தேதி நியூயார்க் டிரிப்யூனில் வந்தது. கடலோர ராஜ்ஜியத்தில் சின்ன வயதுக் காதல். அவர்கள் காதலைப் பார்த்து வானத்துத் தேவதூதர்களுக்கே பொறாமை. மேகத்திலிருந்து குளிர்காற்று வந்து பெண்ணைக் கொன்றுவிடுகிறது. மேல்குலத்துச் சொந்தக்காரர்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலோரக் கல்லறையில் வைக்கிறார்கள். அவன் இரவெல்லாம் அந்தக் கல்லறைப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இதில் எது நமக்கு அந்நியம்? தேவதூதர் பொறாமைப்பட்டார்கள் என்றதும் என் மனைவி, “கண்ணு பட்டுப்போச்சு” என்றாள். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மேல்குலத்துச் சொந்தக்காரர்கள் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று எங்கள் இரண்டு தெருவுக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “கடலோரத்துல கட்டினா நிக்குமா? ஒரு மழைக்காலம் தாங்காது. அலை அடிச்சினு போயிடும்யா” என்றாள். அவள் சொன்னது வெறும் வார்த்தை இல்லை. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையில் கருங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். அவளுடைய பாட்டி படகு ஏற்றிவைத்த மணல் இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கிறது. எனக்குச் சோறு போட்ட துறைமுகம்தான் அவளுடைய கரையை எடுத்துக்கொண்டது. இதைச் சொல்லி அவள் என்னை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் அனபெல் லீயின் கல்லறையைக் கேட்டபோது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

இனி நம் மரபுக்கு வருகிறேன். அவள் போனபிறகு கிளை நூலகத்தில் புறநானூற்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே போர், எங்கே கொடை என்று தேடவில்லை. என்னைப்போல ஒருத்தன் அதில் இருக்கிறானா என்று தேடினேன். இருக்கிறான். 245ஆம் பாட்டு. பாடியவன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, ஒரு ராஜா. மனைவி இறந்துவிட்டாள். கள்ளி முளைத்த களர்நிலத்துச் சுடுகாட்டில், விறகு அடுக்கி, நெருப்பையே படுக்கையாக விரித்து அவளைக் கிடத்திவிட்டு வந்து நிற்கிறான். “யாங்குப் பெரிது ஆயினும் நோய் அளவு எனைத்தே” என்று தொடங்குகிறான். என் துக்கம் எவ்வளவு பெரிதானால் என்ன, என் உயிரைக் கொல்லுகிற வலு அதற்கு இல்லையே, பிறகு அதற்கு என்ன அளவு என்கிறான். “இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே” என்று முடிக்கிறான். இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன தன்மை!

நூலகத்தில் அதைப் படித்தபோது எனக்குக் கைகால் ஆடவில்லை. அன்று காலையில் இட்லி சாப்பிட்டிருந்தேன். மூன்று இட்லி. அவள் போய்ப் பன்னிரண்டாவது நாள். சாப்பிட முடிந்ததே என்று என்னை நானே அருவருத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். ஒரு சேர ராஜாவும் இதே வெட்கத்தைப் பட்டிருக்கிறான்.

256ஆம் பாட்டைக் கட்டுரையாளர் படித்திருந்தால் கல்லறைக் காதல் நம்முடையது இல்லை என்று எழுதியிருக்கமாட்டார். கணவனை இழந்தவள் குயவனைக் கூப்பிடுகிறாள். “கலம்செய் கோவே” என்கிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி அந்த வண்டி போகிற இடமெல்லாம் போவதுபோல இவனோடு பல வழிகள் வந்தவள் நான், எனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி ஈமத்தாழியை அகலமாகச் செய்துகொடு என்கிறாள். கல்லறைக்குப் பக்கத்தில் படுத்த அனபெல் லீயின் காதலனுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், தாழிக்கு உள்ளேயே இடம் கேட்டிருக்கிறாள் ஒரு தமிழச்சி. அந்தப் பல்லியை நான் மறக்கமாட்டேன்.

இருட்டு வேண்டுமா? 356ஆம் பாட்டில் பகலிலேயே கூவுகிற கூகை இருக்கிறது, ஈமத்தீயின் வெளிச்சத்தில் பேய்மகளிர் இருக்கிறார்கள். அதற்கு அடுத்து தாயங்கண்ணனார் வைக்கிற வரி: “நெஞ்சமர் காதலர் அழுத கண்ணீர், என்புபடு சுடலை வெண்ணீறு அவிப்ப.” நேசித்தவர்கள் அழுத கண்ணீர் எலும்பு கிடக்கிற சுடலைச் சாம்பலை நனைத்து அவிக்கிறதாம். ஐரோப்பாவில் 1740களில் யங், பிளேர் என்ற கவிஞர்கள் கல்லறைக் கவிதை எழுத ஆரம்பித்ததை ஒரு புது அலை என்று கட்டுரை சொல்கிறது. அங்கே அது புதிது. இங்கே அதற்குப் பெயர்களே இருந்தன. இறந்தவரை நினைத்துப் புலம்புகிற கையறுநிலை என்றால் உங்களுக்குத் தெரியும். காதலியை இழந்தவன் நிலைக்குத் ‘தபுதார நிலை’ என்று தொல்காப்பியம் பெயர் வைத்திருக்கிறது. ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கப் போனபோது ‘மனைவியை இழந்தவர்’ என்று என்னை எழுதினார்கள். தபுதாரன் என்று எழுதியிருந்தால் எனக்கு மனது கொஞ்சம் ஆறியிருக்கும்.

கட்டுரையாளர் இகழ்ச்சியாகக் குறிப்பிட்டுவிட்டுப் போன ஆங்கிலக் கவிஞர் ரோசெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1862 பிப்ரவரியில் அவர் மனைவி எலிசபெத் சிடால் இறந்தபோது, தம் கவிதைகளின் கையெழுத்துப் பிரதியை அவளுடைய கூந்தலோடு சேர்த்து வைத்துப் புதைத்தார். ஏழு வருஷம் கழித்து, 1869 அக்டோபரில், லண்டன் ஹைகேட் கல்லறையைத் தோண்டி அந்த நோட்டை எடுக்க வைத்தார். மறுவருஷம் புத்தகமாகப் போட்டார். துக்கமே பொய் என்பதற்கு இது சாட்சி என்கிறார் கட்டுரையாளர். நான் அப்படிப் பார்க்கவில்லை. புதைத்த அன்றைக்குப் புதைத்தது உண்மை. ஏழு வருஷம் கழித்து, அவளுக்கு எழுதியது மண்ணில் மக்குகிறதே என்று தவித்ததும் உண்மையாக இருக்கலாம். ‘தி ரேவன்’ படித்துவிட்டு, பூமியில் நிற்கிற காதலனின் துயரத்தை போ சொல்லிமுடித்துவிட்டார், மேலே போனவளின் ஏக்கத்தை நான் சொல்கிறேன் என்று கிளம்பியவர் அவர். அப்படி அவர் எழுதிய ‘தி பிளெஸ்ட் டாமோசெல்’ கவிதையில் இறந்துபோனவள் சொர்க்கத்தின் பொன்கம்பியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் சாய்ந்து சாய்ந்து அந்தக் கம்பி சூடேறிவிடுகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து நான் தெருமுனை திரும்பும்போது எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒருத்தி சாய்ந்துகொண்டு நிற்பாள். அந்தச் சுவரில் இப்போது நான் சாய்கிறேன்.

அனபெல் லீயை நான் தமிழில் எழுதி ஒரு நாற்பது பக்க நோட்டில் வைத்திருந்தேன். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் என் மனைவியின் நெஞ்சின்மீது அதை வைத்தேன். வாய்க்கரிசி போட்ட பெரியவர் என்னப்பா இது என்றார். வீட்டுக் கணக்கு என்றேன். எங்களுடையது எரிக்கிற வழக்கம், தோண்டி எடுக்க வழி இல்லை. திரும்ப எழுதிப் பார்க்கவும் இல்லை.

அந்த ராத்திரியைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அவள் போனது மார்கழியில். வாசலில் ஷாமியானா, உள்ளே ஐஸ் பெட்டி. தெருப் பையன்கள் வந்து, கானா வைக்கட்டுமா என்று கேட்டார்கள். சம்பந்தி வீட்டார், அது கௌரவமாக இருக்காது என்றார்கள். நான் வையுங்கப்பா என்றேன். டோலக், டேப், ஒரு மைக். பாடுகிற பையன் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “அப்பா, அத்தைக்கு எது ரொம்பப் புடிக்கும்?” என்று கேட்டான். கருவாடு என்றேன். நோய்க்கு அப்புறம் டாக்டர் கருவாட்டை அடியோடு நிறுத்திவிட்டார், உப்பு சேரக் கூடாது என்று. காசிமேட்டுக்காரி மூன்றரை வருஷம் கருவாடு சாப்பிடவில்லை. எங்களுக்குச் செய்துபோட்டுவிட்டு, சட்டியைத் திறந்து வாசனை மட்டும் பார்ப்பாள். இதைச் சொன்னேன். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. பத்து நிமிஷம் வெளியே நின்று பீடி குடித்துவிட்டு வந்து பாடினான்:

“கருவாட்டுச் சட்டி கீது, கையி மட்டும் இல்ல,
காசிமேட்டுக் கடலு கேக்குது, எங்க எங்க புள்ள?”

இந்த இரண்டு அடியையும் விடியும்வரை திரும்பத் திரும்பப் பாடினார்கள். நடுவில் அவள் மீன் விற்றது, சண்டை போட்டது, அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க ஓடியது எல்லாம் வரும், கடைசியில் இந்த அடியில் வந்து விழும். ஒவ்வொரு தடவை விழும்போதும் கூட்டம் சேர்ந்து பாடும். சம்பந்தியம்மாவும் மூன்று மணிக்கு மேல் பாடினார். பதினெட்டு பத்தியிலும் ‘மோர்’ என்ற ஒரே ஓசையில் போய் முட்டுகிற அந்தக் கவிதை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. துக்கத்துக்குப் புதுச் சொல் வேண்டாம், ஒரே சொல் போதும், அதைக் கூடவிருந்து சொல்ல ஆள் வேண்டும். போவின் ஆளுக்கு அது இல்லை. அறையில் அவனும் பறவையும்தான். தரையில் விழுந்த அந்த நிழலைவிட்டு என் ஆன்மா எழாது என்று கவிதை முடிகிறது. அவனுக்கு ஒரு தெரு இருந்திருந்தால் விடிந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. வர்ஜீனியா கடைசி நாட்களில் வைக்கோல் மெத்தையில், போவின் பழைய மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, நெஞ்சில் ஒரு பூனையை வைத்துக் குளிர்காய்ந்ததை அந்த வீட்டுக்குப் போன ஓர் அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். 24 வயது. அந்த வீட்டு வாசலில் யாரும் டோலக் அடித்திருக்கமாட்டார்கள்.

ஆகவே இந்தக் கவிதைகளை இளைஞர்களிடமிருந்து மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் இருபது வயதுக்குள் பிணத்துக்குத் தோள் கொடுக்காத பையன் குறைவு. அவனுக்குச் சாவு புதிது இல்லை. ஆங்கிலத்திலும் ஒருத்தன் இப்படித் தவித்திருக்கிறான், புறநானூற்றிலும் ஒருத்தன் தவித்திருக்கிறான் என்பதுதான் அவனுக்குப் புதிது. போவைப் போடுகிற அன்றைக்கு மாக்கோதையையும் பக்கத்தில் போடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. உங்களுக்கு இடம் இருக்காது, தெரியும். வெட்ட வேண்டுமானால் என் கதையை முழுக்க வெட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ‘தி ரேவன்’ வெளிவந்தது 1845, வர்ஜீனியா இறந்தது 1847 என்ற திருத்தத்தை மட்டும், கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் போட்டுவிடுங்கள். கவிதை வந்த அன்றைக்கு அந்த அம்மா உயிரோடு இருந்தார்.

இப்படிக்கு,
துறைமுக ஓய்வூதியர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21